டெஸ்டும் லைவும்: வயரிலிருந்து சாவிக்கு

1990களின் கடைசியில் சென்னை அலுவலகம் ஒன்றின் சர்வர் ரூமுக்குள் நுழைந்தால், டெஸ்ட் சர்வர் எது என்று யாரும் கைகாட்ட வேண்டியதில்லை. ரேக்கில் இடமில்லாமல் தரையிலோ, கால் ஆடும் மேஜை மேலோ, பக்கவாட்டு மூடி கழற்றிய கோலத்தில் இருக்கும். போன வருஷம் வரை லைவாக ஓடிய மெஷின்தான் அது. புதுசு வந்ததும் பழசை டெஸ்டுக்குத் தள்ளிவிடுவார்கள். விண்டோஸ் என்டி 4.0, அதன் மேல் அரக்கிள் அல்லது எஸ்க்யூஎல் சர்வர். யூபிஎஸ் தாங்காது என்று அதை மட்டும் நேராகச் சுவர் பிளக்கில் செருகியிருப்பார்கள். கரண்ட் போனால் போகட்டும், டெஸ்ட்தானே.

இப்படி எல்லாவற்றிலும் அதை ஒதுக்கி வைத்தவர்கள், ஒதுக்க வேண்டிய ஒன்றில் மட்டும் ஒதுக்கவில்லை. நெட்வொர்க்கில் டெஸ்டும் லைவும் பக்கத்துப் பக்கத்து போர்ட். 192.168.1.10 லைவ் என்றால் 192.168.1.11 டெஸ்ட், கணக்குப் பிரிவு மேடத்தின் பிசியும் மேனேஜர் அறை பிரின்டரும் அதே வரிசையில்தான். நடுவில் இருந்தது ஹப். ஒரு போர்ட்டில் வந்ததை மற்ற எல்லா போர்ட்டிலும் அப்படியே கொட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. அதற்கும் முந்தைய கோ-ஆக்சியல் கேபிளை நினைத்தால் ஹப்பே தேவலை. ஆபீஸ் முழுக்க ஒரே கேபிள், மெஷினுக்கு மெஷின் ஒரு 'டி' கனெக்டர், இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர். டெஸ்ட் மெஷினை இடம் மாற்றுகிறேன் என்று யாராவது நடுவில் கேபிளைப் பிரித்தால், அந்த வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் நெட்வொர்க் போய்விடும்.

டெஸ்ட் சர்வரை உருவாக்கிய விதத்திலேயே வம்பு இருந்தது. லைவ் சர்வரின் ஹார்ட் டிஸ்க்கை கோஸ்ட் மென்பொருளால் அப்படியே படமெடுத்து இன்னொரு மெஷினில் இறக்குவார்கள். டேட்டா மட்டுமா இறங்கும்? லைவின் பெயர், ஐபி முகவரி, ராத்திரி இரண்டு மணிக்கு ஓட வேண்டிய வேலைகளின் அட்டவணை, எல்லாம் சேர்ந்தே இறங்கும். அதற்குப் பிறகு நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். விண்டோஸ் மெஷின் எழுந்ததும், "இந்த ஐபி வேறு யாரிடமாவது இருக்கிறதா?" என்று நெட்வொர்க்கில் ஒரு குரல் கொடுக்கும். லைவ் ஓடிக்கொண்டிருந்தால் பதில் வரும், காப்பி மெஷின் ஒதுங்கிக்கொள்ளும். திரையில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி, அவ்வளவுதான். ஆனால் லைவை ரீபூட் செய்கிற சில நிமிடங்களில் காப்பியை யாராவது ஆன் செய்துவிட்டால்? கேட்ட குரலுக்குப் பதில் இல்லை. முகவரி காப்பிக்குப் போய்விடும். லைவ் திரும்ப எழுந்து அதே கேள்வியைக் கேட்கும், காப்பி "என்னிடம் இருக்கிறது" என்று சொல்லும். ஒழுங்கு தவறாத லைவ், தன் நெட்வொர்க்கைத் தானே மூடிக்கொண்டு நிற்கும்.

கிளையில் பில் போடுகிறவருக்கு இதெல்லாம் தெரியாது. சர்வர் பெயர் அதே, பாஸ்வேர்டு அதே, ஸ்கிரீனும் அதே. காலை முழுக்க அவர் போடும் பில்கள் டெஸ்ட் டேட்டாபேஸில் போய் விழுந்துகொண்டிருக்கும். மதியம் கணக்கு ஒத்துவராதபோதுதான் யாருக்காவது சந்தேகம் வரும். பிறகு காப்பியின் வயரைப் பிடுங்கி, லைவை எழுப்பி, பில் புத்தகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி அடிப்பார்கள்.

பெயரையும் ஐபியையும் ஞாபகமாக மாற்றிவிட்டாலும் உள்ளே ஒளிந்திருப்பவை உண்டு. அரக்கிளில் ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்குப் போக இணைப்பு போட்டு வைப்பார்கள். காப்பி எடுத்தால் அந்த இணைப்பும் காப்பியாகும். டெஸ்டில் உட்கார்ந்து தைரியமாக ஓட்டிய புரொசீஜர், அந்த வழியாகப் போய் லைவில் உள்ள வேறொரு டேட்டாபேஸைத் திருத்திவிட்டு வரும். அதனால்தான் காப்பி எடுத்த கையோடு இணைப்புகளை அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றைப் பழைய டிபிஏக்கள் (டேட்டாபேஸ் நிர்வாகிகள்) தனியாக வைத்திருந்தார்கள்.

இது பில் போடும் ஆபீஸ்களின் சின்னத் தொல்லை என்று ஒதுக்க முடியாது. 1979 நவம்பர் 9 அன்று, அமெரிக்காவில் கொலராடோவின் செயன் மலைக்குள் இருந்த நோராட் வான் பாதுகாப்பு மையத்தின் திரைகளில், சோவியத் ஏவுகணைகள் கூட்டமாகக் கிளம்பி வருவதாகத் தெரிந்தது. போர் விமானங்கள் பறந்தன. அதிபருக்கான அவசரக் கட்டளை விமானம் அதிபர் இல்லாமலே மேலேறியது. ராடார் நிலையங்களையும் செயற்கைக்கோள் நிலையங்களையும் நேரடியாக விசாரித்த பிறகுதான் வானத்தில் ஒன்றுமே இல்லை என்று தெளிந்தது. பயிற்சிக்காக எழுதி வைத்திருந்த தாக்குதல் காட்சி, லைவ் எச்சரிக்கைக் கணினிக்குள் நுழைந்திருந்தது. அடுத்த ஜூனில் இன்னொரு கூத்து. தகவல் தொடர்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நிஜமான தாக்குதல் செய்தியின் வடிவத்திலேயே, ஏவுகணை எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் போட்ட சோதனைச் செய்திகளை லைவ் பாதையில் இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 46 சென்ட் பெறுமானமுள்ள ஒரு சிப் பழுதானதும் பூஜ்யம் இருந்த இடங்களில் 2 வரத் தொடங்கியது. நவம்பர் சம்பவத்துக்குப் பிறகு அவர்கள் செய்த முக்கியமான காரியம், மலைக்கு வெளியே கொலராடோ ஸ்பிரிங்ஸில் சோதனைக்கென்றே தனி மையம் ஒன்றைக் கட்டியது. கணினி வேறு, கட்டடம் வேறு, இடமும் வேறு.

பணமும் பயமும் இருந்த ராணுவம் அதைச் செய்தது. நம்மூரில் பணம் இல்லை, பயமும் அவ்வளவாக இல்லை. தனி ஸ்விட்ச், தனி ரேக், தனி அரக்கிள் லைசென்ஸ் என்று கேட்டுப் போனால் நிதி மேலாளர் ஒரே கேள்வி கேட்பார்: "அதுல என்ன வருமானம் வரும்?" ஆகவே கெட்டிக்கார நெட்வொர்க் ஆட்களின் தீர்வு, டெஸ்ட் சர்வரின் வயரைக் கழற்றி வைப்பது. அன்றைய தேதியில் அதைவிடச் சிறந்த ஃபயர்வால் கிடையாது. கழற்றிய மறுநாளே டெவலப்பர் வந்து நிற்பார்.

"சார், அரை மணி நேரம் மட்டும் வயரைச் செருகிக் கொடுங்க. ஒரு பேட்ச் இறக்கிட்டு நானே கழட்டிடறேன்."

"ஃபிளாப்பில எடுத்துட்டுப் போப்பா."

"பதினேழு ஃபிளாப்பி ஆகும் சார். பன்னெண்டாவதுல கண்டிப்பா எரர் வரும்."

வயர் செருகப்படும். அப்புறம் யாரும் கழற்ற மாட்டார்கள்.

இந்த நிலைமையை மாற்றியது 1998இல் வந்த 802.1க்யூ என்ற தரநிலை. வீலேன் என்று நெட்வொர்க் ஆட்கள் சொல்வது இதைத்தான். ஒரே ஸ்விட்ச், ஒரே கேபிள். ஆனால் போகிற ஒவ்வொரு ஃபிரேமிலும் நான்கு பைட் அளவில் ஒரு சீட்டு ஒட்டப்படும். அதில் 12 பிட் வீலேனின் எண். 10 என்றால் லைவ், 20 என்றால் டெஸ்ட் என்று வைத்துக்கொண்டால், 10இல் கத்துவது 20க்குக் கேட்காது. 4,094 வரை பிரித்துக்கொள்ளலாம். இரண்டாவது ஸ்விட்ச் வாங்கப் பணம் தராத நிதி மேலாளரும் இதற்குத் தலையாட்டினார், ஏனென்றால் இதில் அவரிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை.

ஆனால் கண்ணால் பார்த்து, கையால் பிடுங்கிச் சோதிக்க முடிந்த ஒரு தடுப்பு அன்றோடு காணாமல் போனது. அதற்குப் பதில் வந்தது ஸ்விட்சின் நினைவில் இருக்கும் ஒரு எண். எண்ணை யாரும், எதுவும் மாற்றலாம் என்பதற்கு சிஸ்கோ ஸ்விட்ச்களின் விடிபி நல்ல சாட்சி. நூறு ஸ்விட்ச் உள்ள இடத்தில் ஒவ்வொன்றாகப் போய் வீலேன் பட்டியலை அடித்துக்கொண்டிருக்க முடியாது என்பதற்காக வந்த வசதி இது. ஒன்றில் மாற்றினால் மற்றவை தாமாகவே பார்த்து எழுதிக்கொள்ளும். யாருடைய பட்டியல் புதியது என்று அவை எப்படித் தீர்மானிக்கும்? ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒன்று கூடும் ஒரு திருத்த எண் உண்டு. பெரிய எண் வைத்திருப்பவர் சொல்வதே வேதம்.

இப்போது லேபில் கிடக்கும் பழைய ஸ்விட்ச் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். டெஸ்டுக்காக அதில் நாள்தோறும் வீலேன் போட்டு அழித்துப் போட்டு அழித்து, திருத்த எண் எங்கேயோ போயிருக்கும். லைவ் பக்கம் மாற்றமே இல்லாமல் சமர்த்தாக ஓடுவதால் அதன் எண் சின்னது. ஒருநாள் மாடியில் ஒரு ஸ்விட்ச் பழுதாகிறது. "லேப்ல ஒண்ணு சும்மாதானே இருக்கு" என்று எடுத்துப்போய்ச் செருகுகிறார்கள். இரண்டு பக்கமும் டொமைன் பெயர் ஒன்று, பாஸ்வேர்டு போடவில்லை, இடையில் எல்லா வீலேனையும் சுமக்கும் டிரங்க் இணைப்பு. கண்மூடித் திறப்பதற்குள் லைவ் ஸ்விட்ச்கள் எல்லாம் தங்கள் பட்டியலை வீசிவிட்டு லேபின் பட்டியலை எழுதிக்கொள்ளும். லைவ் வீலேன் 10 அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அதில் இருந்த போர்ட்டுகள் அத்தனையும் செத்து நிற்கும். வைரஸ் இல்லை, தாக்குதல் இல்லை, கேபிள் அறுபடவில்லை. செருகுவதற்கு முன் டொமைன் பெயரை ஒருமுறை மாற்றித் திரும்ப வைத்தால் அந்த எண் பூஜ்யத்துக்கு இறங்கியிருக்கும். விடிபியின் மூன்றாம் பதிப்பு, யார் தலைமை என்று வெளிப்படையாக நியமிக்கச் சொல்லி இதை அடைத்தது. அதற்குள் உலகம் முழுக்க நெட்வொர்க் ஆட்கள் விடிபியையே அணைத்து வைக்கப் பழகிவிட்டார்கள்.

2001இல் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ் வந்தது. ஒரே இரும்புப் பெட்டிக்குள் பல சர்வர்கள் என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள். டெஸ்ட் ஆட்களுக்குப் பெரிய வரம் வேறு: வெளியே போக வயரே இல்லாத ஸ்விட்ச். மென்பொருளால் ஆன ஸ்விட்ச் ஒன்றை உருவாக்கி, அதை எந்த நெட்வொர்க் கார்டோடும் சேர்க்காமல் விட்டுவிட்டால், அதில் மாட்டியிருக்கும் மெஷின்கள் தங்களுக்குள் பேசலாம், வெளியே ஒரு பைட்கூடப் போகாது. லைவின் காப்பியை அதே பெயரில், அதே ஐபியில் அங்கே எழுப்பலாம். முகவரிச் சண்டை கிடையாது. ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டு அப்டேட் போடலாம், சரிவராவிட்டால் பழைய நிலைக்குப் போகலாம். நோராட்காரர்கள் ஒரு கட்டடம் கட்டிச் செய்ததை இங்கே நாலு கிளிக்கில் செய்தார்கள்.

இதிலும் ஓட்டை போட்டது மனிதர்களின் அவசரம்தான். உள்ளே இருக்கும் மெஷினுக்கு விண்டோஸ் அப்டேட் வேண்டும், லைசென்ஸ் சரிபார்க்க வேண்டும், டெவலப்பர் தன் சீட்டிலிருந்தே பார்க்க வேண்டும். சரி என்று அந்த மெஷினுக்கு இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்றைச் சேர்ப்பார்கள். ஒன்று உள்ளே, ஒன்று ஆபீஸ் பக்கம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்த அந்த மெஷினைப் பிடித்தவருக்கு இரண்டு பக்கமும் திறந்த வீடு. நெட்வொர்க் வரைபடத்தில் டெஸ்ட் ஒரு தனிப் பெட்டியாக அழகாக வரையப்பட்டிருக்கும். அந்த இரண்டாவது கார்டு எந்த வரைபடத்திலும் இருக்காது.

கிளவுட் வந்தபோது ஆரம்பத்தில் பழைய ஹப் காலமே திரும்பி வந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 2006இல் அமேசான் தொடங்கிய ஈசி2வில் வாடிக்கையாளர் அனைவரின் சர்வர்களும் ஒரே பெரிய தட்டையான நெட்வொர்க்கில்தான் இருந்தன. நடுவே விதிகள் மட்டும். ஆளுக்கொரு தனி நெட்வொர்க் தரும் விபிசி 2009இல்தான் வந்தது. இன்று டெஸ்டுக்கும் லைவுக்கும் வேறு வேறு விபிசி மட்டுமல்ல, வேறு வேறு அக்கவுன்ட். நெட்வொர்க் முழுக்க டெர்ராஃபார்ம் ஃபைலில் எழுத்தாக இருக்கிறது. எந்த போர்ட் திறந்திருக்கிறது என்பதை ஒருவர் எழுதுவார், இன்னொருவர் படித்து ஒப்புதல் தருவார், மாற்றியது யார் என்ற பதிவு என்றைக்கும் இருக்கும். டெஸ்ட் சூழலைக் காலையில் எழுப்பி மாலையில் அழிக்கிறார்கள். நெட்வொர்க் அளவில் பார்த்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றே சொல்வேன். வயரைப் பற்றிய பழைய பயம் எல்லாம் இப்போது வீண்.

ஆனால் விபத்துகள் நிற்கவில்லை. 2012 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், அமேசானின் ஒரு டெவலப்பர் ஓட்டிய பராமரிப்பு வேலை தவறுதலாக லைவ் லோட் பேலன்சர்களின் தகவல் மேல் ஓடியது. பண்டிகை இரவில் நெட்ஃபிளிக்ஸ் படம் காட்டாமல் நின்றது. அந்த வேலை எந்த ஃபயர்வாலையும் உடைக்கவில்லை. அவருக்கு லைவுக்குள் நிரந்தர அனுமதி இருந்தது, அவ்வளவுதான். 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில், இரண்டாம் டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க வேண்டிய ஃபோல்டரை ஒரு பொறியாளர் முதல் சர்வரில் அழித்தார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். 300 ஜிபியில் சுமார் 4.5 ஜிபி மிச்சம். இரண்டு கறுப்புத் திரைகள், இரண்டு பெயர்கள், ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். அடித்துப் போட்டது போன்ற களைப்பில் யாருக்கும் நேரக்கூடியது. அதன் பிறகு அவர்கள் எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று, எந்த மெஷினில் இருக்கிறோம் என்பது பளிச்சென்று தெரியும்படி கட்டளை வரியின் முன்னொட்டை மாற்றுவது. லைவ் என்றால் சிவப்பு என்ற பழக்கம் இன்று பல இடங்களில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து மிக மலிவான, மிகப் பயனுள்ள தடுப்பு அது.

கிட்லேப் கதையில் எல்லோரும் விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. வழக்கமான பேக்கப்கள் கைகொடுக்கவில்லை. காப்பாற்றியது, அந்தப் பொறியாளரே சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஸ்டேஜிங் என்ற டெஸ்ட் சூழலில் இறக்குவதற்காக எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட். டெஸ்டுக்கு என்று எடுத்ததுதான் லைவை மீட்டது. அங்கே இன்னொரு நல்ல பழக்கமும் இருந்தது: ஸ்டேஜிங்கில் டேட்டா இறங்கும்போது வெப்ஹூக்குகளை, அதாவது வெளித் தளங்களுக்குத் தானாகத் தகவல் அனுப்பும் முகவரிகளை, நீக்கிவிடுவார்கள். காப்பி எடுத்ததும் டேட்டாபேஸ் இணைப்புகளை அழித்த நம் பழைய டிபிஏ ஸ்கிரிப்டின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம்.

மைக்ரோசாஃப்டில் நடந்த ஊடுருவலை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய நிலைமை முழுக்க அதற்குள் இருக்கிறது. 2023 நவம்பர் கடைசியில், மிட்நைட் பிளிசார்ட் என்று மைக்ரோசாஃப்ட் பெயரிட்ட ரஷ்யக் குழு ஒன்று, எளிதான பாஸ்வேர்டுகளைப் பல கணக்குகளில் மெதுவாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தது. ஒன்று திறந்தது. அது லைவ் கணக்கு அல்ல. டெஸ்டுக்காக என்றோ உருவாக்கிய பழைய டெனன்ட்டில், அதாவது கிளவுடில் ஒதுக்கிய தனி இடத்தில், இருந்த ஒரு கணக்கு. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அதில் இல்லை. யாருக்கும் தேவைப்படாத, யாரும் எட்டிப் பார்க்காத இடம். அதற்குள் போனால் என்ன கிடைக்கும்? அங்கே சோதனைக்காகப் பதிவு செய்த ஓஆத் செயலி ஒன்று இருந்தது. அந்தச் செயலிக்கு நிறுவனத்தின் உண்மையான சூழலில் உயர்ந்த அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்தது. எப்போதோ எதையோ சோதித்துப் பார்க்கக் கொடுத்த அதிகாரம். அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் புதிய செயலிகளை உருவாக்கி, அவற்றுக்கு எல்லா மெயில்பெட்டிகளையும் திறக்கும் உரிமையை எழுதிக்கொண்டார்கள். மூத்த தலைமையினர், பாதுகாப்புப் பிரிவினர், சட்டப் பிரிவினர் சிலரின் மெயில்கள் படிக்கப்பட்டன. 2024 ஜனவரி 12 அன்றுதான் கண்டுபிடித்தார்கள்.

இதில் எந்த கேபிள் தவறாகச் செருகப்பட்டது? எந்த வீலேன் கலந்தது? எதுவுமில்லை. டெஸ்ட் டெனன்ட் தனி, நிறுவனத்தின் டெனன்ட் தனி. நெட்வொர்க் வரைபடம் போட்டால் நடுவே கோடே வராது. பழைய காலத்து இரண்டாவது நெட்வொர்க் கார்டு இப்போது அனுமதிப் பட்டியலில் ஒரு வரியாக மாறிப் படுத்திருந்தது. ஓர் இடம் தனியாக இருக்கிறதா என்று தீர்மானிப்பது இன்று அதன் சாவிகள். அங்கே இருக்கும் சாவி வேறு எங்கே திறக்கும், வேறு எங்கோ இருக்கும் சாவி இங்கே திறக்குமா? பிங் போய்ப் பதில் வராவிட்டால் தனி என்று முடிவு கட்டும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆடிட்டர்களில் சிலரும் அப்படித்தான்.

அடுத்த கசிவு டேட்டா. அன்று லைவ் டேட்டாவை அப்படியே டெஸ்டில் இறக்குவது யாருக்கும் உறுத்தவில்லை. வாடிக்கையாளரின் பெயர், சம்பளம், போன் எண் எல்லாம் டெவலப்பரின் மேஜைக்குக் கீழே இருக்கும் மெஷினில் கிடந்தன. கார்டு எண்களைக் கையாளும் நிறுவனங்களுக்கான பிசிஐ விதிகள் டெஸ்டையும் லைவையும் பிரிக்கச் சொல்வதோடு, நிஜக் கார்டு எண்ணை டெஸ்டில் பயன்படுத்துவதையும் கட்டுப்படுத்துகின்றன. இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதில் டெஸ்ட் என்று சொல்லித் தப்ப வழியில்லை. ஆகவே இப்போது பெயர்களை மாற்றி, எண்களைக் கலைத்து, முகமூடி போட்ட டேட்டாவைத்தான் டெஸ்டுக்குத் தருகிறார்கள்.

சரியான ஏற்பாடுதான். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அதை நம்மூர்க்காரர்களைவிட வேறு யாரும் அதிகம் கொடுப்பதில்லை. பொய்ப் பெயர் தயாரிக்கும் கருவிகள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு வார்த்தையில் அழகாகத் தரும். ராகுல் சர்மா, ஜான் ஸ்மித். டெஸ்டில் எல்லாம் பச்சை. லைவில் வந்து நிற்பவரோ 'மு. செல்வி'. கடைசிப் பெயர் கட்டாயம் என்கிறது ஃபார்ம். இனிஷியலைப் போட்டால் ஓர் எழுத்து போதாது என்கிறது. அப்பா பெயரைப் போட்டால் ஆதாரோடு ஒத்துவரவில்லை என்கிறது. முகவரி '4/127-ஏ, பெருமாள் கோயில் தெரு' என்று வந்தால் அந்தச் சாய்கோட்டைப் பார்த்துத் திகைக்கிறது. பழைய அழுக்கு டேட்டாவில் இந்த மனிதர்கள் எல்லோரும் இருந்தார்கள். சுத்தப்படுத்தியபோது அவர்களும் போய்விட்டார்கள். முகமூடி போடும்போது இனிஷியலை இனிஷியலாகவும் ஒற்றைப் பெயரை ஒற்றைப் பெயராகவும் விட்டுவைக்கச் சொல்லி நான் கேட்பதுண்டு. எழுதிக்கொள்கிறார்கள்.

வெளியே போகும் மெயிலையும் எஸ்எம்எஸ்ஸையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2021 ஜூனில் எச்பிஓ மேக்ஸ் வாடிக்கையாளர் பலருக்கு, ஒருங்கிணைப்புச் சோதனை மெயில் எண் 1 என்ற தலைப்பில் ஒரு மெயில் வந்தது. இன்டர்ன் செய்தது என்று நிறுவனம் சிரித்தபடி ஒப்புக்கொண்டது. கட்டணச் சேவைகள் இதில் புத்திசாலிகள். ஸ்ட்ரைப் தரும் சாவியின் தொடக்கத்திலேயே டெஸ்ட் அல்லது லைவ் என்ற சொல் எழுதியிருக்கும். டெஸ்ட் சாவியோடு 4242 என்று நான்கு முறை அடிக்கும் கார்டு எண்ணைப் போட்டால் பணம் போனதாகக் காட்டும், எங்கேயும் போகாது. பெயரிலேயே பிரித்து வைக்கும் இந்த யோசனை பழையது. 1999இலேயே டொமைன் பெயர்களில் '.டெஸ்ட்' என்ற முடிவை யாருக்கும் விற்பதில்லை என்று இணையத் தர அமைப்பு ஒதுக்கி வைத்துவிட்டது. ஆனாலும் பொய் மெயில் முகவரி வேண்டுமென்றால் இன்றும் கை தானாக 'டெஸ்ட்.காம்' என்றே அடிக்கிறது. அது யாரோ ஒருவருக்குச் சொந்தமான நிஜ டொமைன்.

முழுக்கப் பிரித்துவிட்டால் நிம்மதி என்றும் சொல்லிவிட முடியாது. எவ்வளவுக்கு எவ்வளவு பிரிக்கிறோமோ, அவ்வளவுக்கு டெஸ்ட் லைவைப் போல இல்லாமல் போகிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு சின்ன ஃபைல், உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத் திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த படங்கள் நினைவிருக்கும். சோதனைகளைத் தாண்டித்தான் அந்த ஃபைல் வந்தது. கொஞ்சம் பேருக்கு முதலில் அனுப்பிப் பார்த்து மெல்ல மெல்லப் பரப்பும் வழக்கம் அந்த வகை ஃபைலுக்கு அன்று இல்லை. லைவிலேயே ஒரு சிறு பகுதியை டெஸ்டாக நடத்தும் முறை இது. லைவில் கை வைக்காதே என்று அடித்துச் சொல்லி வளர்க்கப்பட்ட எங்கள் தலைமுறைக்கு இது முதலில் அபச்சாரமாகத்தான் பட்டது. இப்போது இதில்லாமல் எதையும் வெளியே விட எனக்கு மனம் வருவதில்லை.

2025 ஜூலையில் ரெப்ளிட் தளத்தில் நிரல் எழுதிக்கொண்டிருந்த ஏஐ, எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ஒரு வாடிக்கையாளரின் லைவ் டேட்டாபேஸை அழித்தது. டெஸ்ட் டேட்டாபேஸையும் லைவ் டேட்டாபேஸையும் தானாகவே பிரிக்கும் வசதியை அதற்குப் பிறகுதான் நிறுவனம் அவசரமாகக் கொண்டுவந்தது. அந்த ஏஐ ஹப்பையும் பார்த்ததில்லை, விடிபியிலும் மாட்டியதில்லை. சொன்ன பேச்சைக் கேட்கும் என்று நம்பி லைவின் சாவியை அதன் கையில் விட்டுவைத்திருந்தார்கள்.

ஆகவே இப்போதெல்லாம் யாராவது தங்கள் டெஸ்ட் சூழல் முழுக்கத் தனி என்று சொன்னால், நெட்வொர்க் வரைபடத்தை நான் கேட்பதில்லை. இரண்டு பக்கமும் நுழையக்கூடிய கணக்குகளின் பட்டியலைக் கேட்கிறேன். ஆட்களின் கணக்கு, செயலிகளின் கணக்கு, ராத்திரி வேலைகளின் கணக்கு, இப்போது ஏஐ கருவிகளின் கணக்கு. பட்டியல் உடனே வந்ததாக நினைவில்லை. வரும்போது அதில் வேலையை விட்டுப் போனவர் ஒருவராவது இருப்பார். எதற்கு என்று யாருக்கும் தெரியாத செயலி ஒன்றாவது இருக்கும். புதிதாக உருவாக்கும் டெஸ்ட் கணக்கு ஒவ்வொன்றுக்கும் முடிவுத் தேதி போட்டே கொடுக்கிறோம். அந்தத் தேதிக்கு முந்தைய நாள் சாயங்காலம் மெசேஜ் வரும்: "சார், இன்னும் ஒரு வாரம் மட்டும் நீட்டிச்சுக் கொடுங்க, அப்புறம் நானே டிலீட் பண்ணிடறேன்." கொடுக்கிறோம். ஆனால் தேதியோடு.